ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு

“உட்கார்ந்த இடத்துல வேலை, ஏசி ரூம், கை நிறையச் சம்பளம். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன குறைச்சல்?” கல்யாணப் பந்தியில், கோயில் பிராகாரத்தில், காலை நடையில் என்று எங்கள் வயதுக்காரர்கள் எங்கே கூடினாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஒருவர் தொடங்கினால் அடுத்தவர், “நாம பட்ட கஷ்டத்துல கால்வாசி பட்டிருப்பாங்களா?” என்று முடித்துவைப்பார். சுற்றி இருப்பவர்கள் தலையை ஆட்டுவார்கள்.

இதை மறுத்துப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நான் மதுரை டிரங்க் எக்ஸ்சேஞ்சில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். என் மகள் சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். இங்கே இருப்பவரை அங்கே இருப்பவரோடு பேசவைப்பதுதான் என் வேலை. ஒரு வகையில் அவள் வேலையும் அதுதான். அவள் வீட்டில் மாதக்கணக்கில் தங்கி, கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: அவள் படும் பாட்டை நான் பட்டதில்லை. சொன்னால் என் தோழிகள் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே விவரமாகவே எழுதுகிறேன்.

1970-களின் கடைசியில் நான் சேர்ந்தபோது தபாலும் தந்தியும் தொலைபேசியும் ஒரே துறை. நீளமான ஹால். இரண்டு பக்கமும் போர்டுகள். ஒவ்வொரு போர்டிலும் வரிசை வரிசையாகத் துளைகள், பக்கத்தில் சின்னச் சின்ன விளக்குகள், கீழே சோடி சோடியாகப் பிளக் மாட்டிய ஒயர்கள். விளக்கு எரிந்தால் பிளக்கைச் செருகி, “டிரங்க் புக்கிங்” என்போம். எந்த ஊர், என்ன நம்பர், ஆர்டினரியா, அர்ஜென்டா, லைட்னிங்கா என்று கேட்டு டிக்கெட்டில் எழுதிக்கொள்வோம். அந்த ஊருக்கு லைன் கிடைக்கிற வரைக்கும் பேச வேண்டியவர் டெலிபோன் பக்கத்திலேயே காத்திருப்பார். காலையில் புக் பண்ணிய ஆர்டினரி கால் சாயங்காலம் கிடைத்தால் அதிசயமில்லை. கீழமாசி வீதி மண்டிக்காரர்கள் விலை கேட்டுக் கத்துவார்கள். தீபாவளி நெருங்கினால் சிவகாசிக்காரர்கள் உயிரை வாங்குவார்கள். மூன்று நிமிடம் ஆனதும் நாம் உள்ளே நுழைந்து, “மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா?” என்று கேட்க வேண்டும். நீட்டித்தால் காசு. பெரும்பாலும், “வச்சிர்றேன், வச்சிர்றேன்” என்ற அவசரக் குரல்தான் பதிலாக வரும்.

சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஹெட்செட் அழுத்தி அழுத்திக் காது வலிக்கும். லைன் கிடைக்காத கோபத்தையெல்லாம் எங்கள் மேல்தான் கொட்டுவார்கள். பெண் குரல் என்றால் கூடுதலாகவே கொட்டுவார்கள். பேசுவதை மேற்பார்வையாளர் எங்கிருந்தோ ஒட்டுக்கேட்டுக் குறிப்பெடுப்பார். ஸ்பிளிட் டூட்டி என்று ஒன்று உண்டு. காலையில் பாதி, மாலையில் பாதி, நடுவே வெயிலில் வீட்டுக்கு ஓடித் திரும்பி வர வேண்டும். கைக்குழந்தைக்காரிகளை அது பாடாய்ப் படுத்தியது. அதற்காகச் சங்கத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம்.

ஆனால் இரண்டு விஷயங்களில் எந்த மாற்றமும் இருக்காது. நடுவில் ரிலீஃப் உண்டு: மாற்று ஆள் வந்து பின்னால் நிற்பாள், நாற்காலியை விட்டு எழுந்தே ஆக வேண்டும். டூட்டி முடியும் நேரம் வந்தால் ஹெட்செட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிடலாம். அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிட முடியாது. எப்படிக் கூப்பிடுவார்கள்? எங்கள் வீட்டில் போன் இல்லை. தெரு முழுவதற்கும் அரிசி மில்காரர் வீட்டில் ஒன்றே ஒன்று. அந்த நம்பருக்குப் பின்னால், அடுத்தவர் வீட்டு எண் என்பதற்கு அடையாளமாக, ‘பி.பி.’ என்று போட்டு விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர். ஊரையெல்லாம் பேசவைத்தவளின் வீட்டில் பேச வழியில்லை. போனுக்கு எழுதிப்போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த லட்சக்கணக்கானவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று.

அந்தக் குறைக்கு நாங்கள் கொடுத்த விலை பெரியது. என் அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் மாரடைப்பு வந்த இரவு, தம்பி அர்ஜென்ட் கால் போட்டான். என் வீட்டுக்கு எண் கிடையாது, எக்ஸ்சேஞ்சுக்கே போட்டான். போர்டில் இருந்த அக்கா என் பெயரைக் கேட்டதும் பியூனைச் சைக்கிளில் அனுப்பினார். அவர் வந்து கதவைத் தட்டி, நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. அப்பா முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. கையில் ஒரு செல்போன் இருந்திருந்தால் கடைசியாகக் குரலையாவது கேட்டிருப்பேன். அதனால் செல்போனே வேண்டாம், அந்தக் காலமே பொற்காலம் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. தந்தி வந்தால் பிரித்துப் படிக்கும் முன்பே ஒப்பாரி வைத்த வீடுகளைப் பார்த்த எனக்கு அந்த உருக்கம் வரவில்லை.

பொற்காலம் இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் உண்டு, சமையலறை. ஹெட்செட்டைக் கழற்றியதும் எனக்கு ஓய்வு என்றேன். அலுவலகம் என்னைத் தொடவில்லை, அவ்வளவுதான். வீட்டில் அம்மியும் ஆட்டுரலும் காத்திருந்தன. என் கணவரும் அரசு ஊழியர்தான். அவருடைய டூட்டி முடிந்தால் முடிந்தது. இது பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு எல்லாம் வந்த பிறகு கிடைத்த கணக்கு இது. இயந்திரம் வந்தால் வேலை குறையும் என்று எங்களுக்குச் சொன்னார்கள். வேலை இடம் மாறியது; ஆள் மாறவில்லை.

ஆனாலும் எங்கள் டூட்டியின் எட்டு மணி நேரக் கோடு உறுதியானது. எவ்வளவு உறுதி என்பதற்கு 1979 ஜூலையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ‘ஸ்கைலாப்’ என்ற விண்வெளி நிலையம், 70 டன்னுக்கு மேல் எடையுள்ளது, பூமியில் விழப்போகிறது என்று செய்தி. எங்கே விழும் என்று அதை அனுப்பியவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ரேடியோவிலும் பேப்பரிலும் வந்தது நாலு வரி. டீக்கடையில் அது நாற்பது வரியாகப் பெருகியது. கிராமத்தில் ஆட்டையும் கோழியையும் அறுத்து, இருக்கிற வரைக்கும் தின்றுவிடுவோம் என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. 11-ஆம் தேதி சாயங்காலம் என் போர்டில் எரியாத விளக்கே இல்லை. ஒரு பெரியவர் பம்பாயில் இருக்கும் மகனுக்கு அர்ஜென்ட் கால் போட்டார். கிடைத்ததும் பேசுவதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. “சாப்டியாப்பா” என்று கேட்டார், திரும்பவும் அதையே கேட்டார். மூன்று நிமிடம் ஆனது. நான் உள்ளே நுழையாமல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.

எட்டு மணிக்கு மாற்று ஆள் வந்து பின்னால் நின்றார். வானம் இடிந்து தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிய நாளிலும் என் டூட்டி எட்டு மணிக்கு முடிந்தது. வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சோறூட்டித் தூங்கவைத்தேன். அன்றிரவே ஸ்கைலாப் விழுந்தது. சில துண்டுகள் இந்தியப் பெருங்கடலில் விழுந்தன, சில துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற ஊர்ப் பக்கம் விழுந்தன. எனக்கு அது காலை ஆகாஷவாணிச் செய்தியில்தான் தெரிந்தது. உலகம் முழுவதும் விழித்துக்கொண்டிருந்த இரவில், தகவல் தொடர்புத் துறை ஊழியையான நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த எட்டு மணி நேரம் தானாக வந்ததில்லை. சேர்ந்த புதிதில் மூத்த அக்காமார் எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தந்தார்கள். 1918 ஏப்ரலில் சென்னை பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அவர்களோடு நின்றார்கள். அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று, சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது. 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். 1942-இல் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்ற அம்பேத்கர் எட்டு மணி நேர வேலையை முன்னெடுத்தார். 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்று எழுதிவைத்தது. எங்கள் துறையில் 1968 செப்டம்பர் 19-இல் ஒரே ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்ததற்காக வேலையை இழந்தவர்களை எங்கள் அக்காமாருக்கு நேரிலேயே தெரியும். டூட்டி முடிந்து கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரை அவர்கள் மரியாதையோடு தொடுவார்கள்.

பிறகு, ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாக வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வந்தது. தெருமுனைக்குத் தெருமுனை மஞ்சள் பலகையோடு பூத்துகள் முளைத்தன. போர்டுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். 1995 ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு நடந்தபோது, வருகிற அழைப்புக்கும் காசு என்பதால் அது பணக்காரர் பொருள் என்று ஒதுங்கியிருந்தோம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பூக்காரம்மா கையில் செல்போன் இருந்தது. எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். இனி ஒரு மகளும் அப்பாவின் குரலைக் கேட்காமல் போக வேண்டாம் என்று நினைத்தேன்.

இப்போது என் மகளுடைய நாளைச் சொல்கிறேன்.

காலை ஒன்பதரைக்குக் குழுவோடு ஒரு கால். அதற்குப் பிறகு அவளுடைய வேலை. அவளுடைய வாடிக்கையாளர் நியூயார்க் பக்கம். அங்கே காலை ஒன்பதுக்கு ஆபீஸ் திறக்கையில் நமக்குக் கோடையில் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்கள் சுறுசுறுப்பாக நாளைத் தொடங்கும்போது இவள் அதே சுறுசுறுப்பைக் காட்ட வேண்டும். பத்து மணிக்கு லேப்டாப்பை மூடினாலும் போன் மூடுவதில்லை. தட்டில் சோற்றைப் பிசையும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், இடக்கையால் எடுத்துப் பார்ப்பாள். குறிப்பிட்ட வாரங்களில் ‘ஆன்-கால்’ என்று ஒன்று. அந்த வாரம் ராத்திரி எந்நேரம் கம்ப்யூட்டர் அலறினாலும் எழுந்து சரிசெய்ய வேண்டும். பேரனுக்கு இப்போது ஆறு வயது. அவன் அம்மாவைக் கூப்பிடும் முன்பு வாசல்படியில் நின்று பார்த்து, “அம்மா, கால் முடிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறான். யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

என் காலத்தில் ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரிந்தது, அம்மா டூட்டிக்குப் போயிருக்கிறாள், அல்லது வந்துவிட்டாள். இந்தக் குழந்தையின் அம்மா எப்போதும் வீட்டில் இருக்கிறாள், எப்போதும் டூட்டியிலும் இருக்கிறாள். “வீட்ல இருந்தே வேலை, எவ்வளவு வசதி” என்று பக்கத்து ஃபிளாட் அம்மா சொன்னபோது எனக்குப் பதில் வாய்வரை வந்தது.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் ஆறு மணி நாலு நிமிடம். சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன் வீரமுத்துவேல் அந்தத் திட்டத்தின் இயக்குநர். நிலவின் தென்துருவப் பகுதிப் பக்கம் அதுவரை எந்த நாடும் இறங்கியதில்லை. பேரனும் நானும் டி.வி. முன்னால் கைகோத்து உட்கார்ந்திருந்தோம். மகள் உள்ளறையில் மீட்டிங்கில் இருந்தாள். திரையின் ஓரத்தில் சின்னக் கட்டமாக, சத்தம் இல்லாமல், அதை ஓடவிட்டுக்கொண்டு, இன்னொரு கட்டத்தில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இறங்கியதும் நாங்கள் போட்ட கூச்சலைக் கேட்டுக் கதவைத் திறந்து எட்டிப்பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்ப உள்ளே போனாள். அமெரிக்கக்காரனின் விண்கலம் விழுந்த நாளில் எனக்கு மாற்று ஆள் வந்தார். நம்முடைய விண்கலம் இறங்கிய நாளில் என் மகளுக்கு வரவில்லை.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். அவள் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. நேற்று எவ்வளவு நேரம் தூங்கினாள், அதில் ஆழ்ந்த தூக்கம் எவ்வளவு, இதயம் எப்படித் துடித்தது, எல்லாம் சொல்கிறது. காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து முகம் வாடுகிறாள். தூக்கம் போதவில்லை என்று கண்டுபிடிக்க அவளுக்கு இயந்திரம் தேவையில்லை. தூங்க நேரம்தான் தேவை. அதே கடிகாரம் தினமும் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் சோபாவைச் சுற்றிச் சுற்றி நடக்கிறாள். அந்தப் பத்தாயிரம் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்த எண் இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியோடு பரவியது. வயதான பெண்களை வைத்து நடத்தி 2019-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் நன்றாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இதைச் சொல்லி அவளைப் பதினோரு மணி நடையிலிருந்து தூங்கப் போகச் சொன்னேன். அன்றைக்குக் கேட்டாள்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏதாவது ஒரு மருத்துவச் செய்தி வருகிறது. தேங்காய் எண்ணெய் நல்லதா, முட்டை மஞ்சள் கரு சாப்பிடலாமா, வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று அத்தனை பேருக்கும் ஒரு கருத்து. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, என் மாமியார் காலத்தில் அரிசிக்கு வழியில்லாதபோது கிண்டிய கம்பங்களிக்குத் திடீர் மரியாதை. வரட்டும், நல்லதுதான். ஆனால் இதே குழுவில் ஒரு செய்தியை நான் போட்டேன். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு அது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணிக்கு மேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம்; இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். 2016-இல் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புள்ள இத்தகைய இறப்புகள் 7 லட்சத்து 45 ஆயிரம். யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. அடுத்து வந்தது ஒரு ‘காலை வணக்கம்’ படம்.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிய செய்தி என்றால் திருத்திக்கொள்ள வேண்டியது வீட்டுப் பெண். எண்ணெயை மாற்று, களி கிண்டு, கஷாயம் வை என்று அவளிடம் சொல்லிவிடலாம். வேலை நேரத்தைப் பற்றிய செய்தி என்றால் திருந்த வேண்டியது முதலாளி, சட்டம், அரசாங்கம். அவர்களிடம் கேட்கத் துணிவு வேண்டும். அதனால் உடம்பைப் பற்றிய பேச்சு முழுவதும் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறது. உடம்புக்குள் ஓடும் இரவு-பகல் கடிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. இரவுப் பணி பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது. ராத்திரி தூங்க வேண்டும் என்பது பாட்டி வைத்தியம் மட்டும் இல்லை, அறிவியலும்கூட. சோம்பேறிகள் சொல்லும் சாக்கு என்று அதைத் தள்ள முடியாது.

இன்னும் அதிக நேரம் உழைக்கச் சொல்பவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை என்பதுதான் வருத்தம். 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, நாடு முன்னேற இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத்தின் தலைவர் சுப்ரமணியன் 90 மணி என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். எங்கள் நடைப்பயிற்சிக் குழுவில் பாதிப் பேர் அதைச் சரி என்றார்கள். 90 மணியை ஏழு நாளுக்குப் பிரித்துப் பாருங்கள் என்றேன். கிட்டத்தட்ட 13 மணி வருகிறது, ஞாயிறும் சேர்த்து. அப்படி உழைப்பவருக்குச் சோறு பொங்குவது யார், அவர் பிள்ளையின் காய்ச்சலுக்கு விழித்திருப்பது யார், அவருடைய பெற்றோரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது யார்? அந்த ஆள் 90 மணி உழைக்க வேண்டுமென்றால் பின்னால் இன்னொரு ஆள் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும். அது யார் என்று எந்தத் தொழிலதிபரும் சொல்வதில்லை. என் மகளுக்குப் பின்னால் அப்படி யாருமில்லை. அதனால்தான் இந்த வயதில் நான் மதுரையை விட்டு வந்து இருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சங்கங்கள் எதிர்த்தன, ஆளுங்கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிச் சரியாக நூறு ஆண்டு முடிந்த நாள் அது. போராடி வாங்கிய எட்டு மணி நேரத்தை மறுபடி ஒருமுறை காப்பாற்ற வேண்டியிருந்தது.

தொழிற்சாலையில் காப்பாற்றினோம். செல்போனில் காப்பாற்ற இன்னும் யாரும் இல்லை. தொழிற்சாலைக்குச் சங்கு உண்டு, எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு ரிஜிஸ்டர் உண்டு. என் மகளுக்கு அலுவலக நேரம் எப்போது முடிகிறது என்று காட்ட ஒரு பொருளும் இல்லை. பதில் சொல்லாமல் இருந்தால் வேலை போய்விடாது, ஆனால் வருடக் கடைசி மதிப்பீட்டில் தெரியும் என்கிறாள். அவளுடைய தோழிகளும் அதையே சொல்கிறார்கள். ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தபோதும் பதில் அனுப்பிக்கொண்டிருந்தாள். எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. இந்தச் சாலையில் எந்தக் கட்டடத்திலும் இதே கதை.

பிரான்ஸில் 2017 தொடக்கத்திலிருந்து, அலுவலக நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தது. மறுப்பது நியாயமற்றது என்று ஆகாத வரை ஊழியர் எடுக்க மறுக்கலாம், அதற்காகத் தண்டிக்கக் கூடாது. இந்தியாவில் 2018-இல் சுப்ரியா சுலே மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. இதெல்லாம் பணக்கார நாடுகளுக்குத்தான் சரி, நமக்கு வேலை கிடைப்பதே பெரிது என்பவர்களுக்கு நம் ஊரிலேயே பதில் இருக்கிறது. துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே வேலை பார்த்த பெண்களுக்காக, 2021-இல் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, உட்கார நாற்காலி கொடுத்தாக வேண்டும் என்று எழுதினோம். அதனால் ஒரு துணிக்கடை மூடியதாக நான் கேள்விப்படவில்லை.

உட்காரும் உரிமையை எழுதிய அதே சட்டமன்றம் போனை எடுக்காமல் இருக்கும் உரிமையையும் எழுதலாம். எழுதச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும். பிள்ளைகள் கேட்பார்கள் என்று விட முடியாது. அவர்கள் ‘கால்’ல இருக்கிறார்கள். எங்களுக்கு நேரம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, சங்கத்தில் பழகிய குரலும் இன்னும் இருக்கிறது. அடுத்த முறை பந்தியில் யாராவது ஏசி ரூம் என்று தொடங்கினால் தலையாட்டாதீர்கள். உங்கள் தொகுதி வேட்பாளர் வாசலுக்கு வரும்போது இதைக் கேளுங்கள். நீங்கள் மேலதிகாரியாக இருந்தால், இன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல் உங்கள் ஊழியருக்கு அனுப்ப நினைத்ததை நாளைக் காலை அனுப்புங்கள்.